இக்னோர் பண்ணச் சொன்ன மகனுக்கு

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ சிதம்பரத்திலிருந்து பேசியபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ சொன்னதைக் கேட்டு நின்றதில் கல்லில் கிடந்தது கருகிப்போய், உன் அப்பாதான் வந்து அடுப்பை அணைத்தார். கல்யாணத்தில் உன் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும், பெண் வீட்டில் கேட்கிறார்கள், அவரும் வரத் தயார், ஆனால் தங்கை புவனகிரி வீட்டுக்கு நேரில் வந்து தட்டு வைத்து முறையாக அழைக்க வேண்டும் என்கிறார். இதையெல்லாம் நீ ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். பிறகு நீயே சொன்னாய்: "அம்மா, பழசெல்லாம் இக்னோர் பண்ணும்மா. ஒரு தட்டு வச்சி அழைச்சிட்டு வந்துடு, அவ்ளோதான்." வார்டில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். உனக்கு மனைவியாக வரப்போகிறவளும் படிக்கட்டும், அவளுடைய அப்பா அம்மாவும் படிக்கட்டும். எங்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

கடலூரில் இத்தனை வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவளிடம் வந்து ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லை நீட்டினாய். சரி, அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த 'இக்னோர்' இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இக்னோர் பண்ணு, மேல்வீட்டில் சத்தம் போட்டால் இக்னோர் பண்ணு, மாமியார் முணுமுணுத்தால் இக்னோர் பண்ணு. பின்னால் ஒரு 'பண்ணு'வை ஒட்டிவிட்டால் போதும், எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழில் இந்த வேலையை ஒரே சொல் செய்வதில்லை. பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ஊர் வம்பைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். ஒரு மனுஷியை எதிரில் வைத்துக்கொண்டு அவள் இல்லாததுபோல் நடந்துகொண்டால் அதற்குப் பெயர் புறக்கணிப்பு. நீ முதல் இரண்டில் ஏதோ ஒன்றை நினைத்துச் சொன்னாய். நான் மூன்றாவதை அனுபவித்தவள். இங்கிலீஷில் மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால் உனக்குச் சுலபமாகப் போய்விட்டது.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'அறியாமல் இருப்பது' என்பதுதான் பொருள். பார்த்தும் பாராமல் இருப்பது என்ற பொருள் வெகு பிற்பாடு சேர்ந்தது. நீ எட்டாவது படிக்கும்போது, அறிவதைச் சொல்லும் 'நோ' என்கிற சொல்லில் சத்தம் வராத 'கே' எதற்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த 'நோ'வும் இந்த 'இக்னோர்' என்பதன் வாலும் ஒரே வேரில் முளைத்தவை. சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த ஞானமும் அதே வேர்தான். ஆக, இக்னோருக்கு நம் பக்கத்துச் சொந்தம் யார் என்று பார்த்தால் அஞ்ஞானம். அறியாதவன் இக்னோர் பண்ணலாம், அவன்மேல் தப்பில்லை. அறிந்தவன் எப்படிப் பண்ணுவான்? அறியாதவனைப்போல் நடிக்கத்தான் முடியும். அந்தச் சொல் அப்படி நடிப்புக்கு வந்து சேர்ந்ததற்கு நடுவில் ஒரு கோர்ட் இருக்கிறது.

பழைய இங்கிலாந்தில் ஒருவர்மேல் புகார் வந்தால், வழக்கு விசாரணைக்குப் போகுமுன் ஊர்க்காரர்களாகச் சிலரைக் கூட்டி அதைக் காட்டுவார்களாம். ஆதாரம் போதாது என்று அவர்களுக்குப் பட்டால் புகாரின் முதுகில் 'இக்னோரமஸ்' என்று ஒற்றை லத்தீன் சொல்லை எழுதித் திருப்பிவிடுவார்கள். 'நாங்கள் அறியோம்' என்பது அதன் அர்த்தம். அவ்வளவுதான், வழக்கு செத்தது. அப்படித் திருப்பி அனுப்புவதையும் இக்னோர் பண்ணுவது என்றுதான் சொன்னார்கள். இதை நான் முதன்முதலில் படித்தபோது பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். அகராதியை மூடிவைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன டீச்சர், என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தூசி விழுந்துவிட்டது என்றேன். என் முதுகிலும் அதே சொல்லை எழுதி ஒரு தெருவே என்னைத் திருப்பி அனுப்பியது அவர்களுக்குத் தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும். மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். மீதியை இப்போது கேள்.

நான் சாதி விட்டுச் சாதியில் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், காதர் பாய் வீட்டு மாடியில் குடியிருந்தோம். உன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, என்மேல் கோபம் இருந்தது. ஆனால் அது ஒரு சாதாரண அப்பாவின் கோபம்தான், கொஞ்ச நாளில் தணிந்திருக்கும். தணிய விடாமல் பார்த்துக்கொண்டவர் என் அண்ணன். அந்த வருஷக் கடைசியில் அப்பா போய்விட்டார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. புவனகிரியில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் வேறு ஏதோ வேலையாக அன்று கடலூர் வந்தபோது உன் அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நீ வயிற்றில் இருந்தாய், ஏழு மாசம். உன் அப்பா பஜாருக்கு ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான மகள் அப்பாவின் உடம்புமேல் கோடித்துணி போடவேண்டும் அல்லவா? மயில்கண் கரைதான் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அப்பா ஆயுசுக்கும் வேறு கரை கட்டியதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எங்களைக் கூட்டிப்போக வந்தால், வாசலில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கரையைப் பார்த்துத்தான் நானும் அண்ணனும் ஓடுவோம்.

முட்லூரில் இறங்கி மினிபஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் பந்தல் போட்டிருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா தெருமுனையிலேயே நின்றுகொண்டார், நீ போ, நான் வந்தால் பிரச்சினை ஆகும் என்றார். வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். வாசலில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, தங்கச்சி வந்திருக்கு, உள்ள விடுப்பா என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கையில் இருந்த கரையைப் பார்த்தார். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூட ஏதோ துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பேன். நன்றாகப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில், "யாரு இது? எனக்குத் தெரியாதே" என்றார்.

பெரியவர் விடவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, ஏம்மா, இது நம்ம வூட்டுப் பொண்ணுதானே என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரி இருந்தாள், பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது எனக்குத் தலை பின்னிவிட்டவள். பால் ஊற்றுகிறவள் இருந்தாள். என்னோடு படித்த இரண்டு பேர் இருந்தார்கள். யாருன்னு தெரியலயே என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தம்பி, ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து ஒருத்தியை அறியாமல் போவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. கை ஓங்கியிருந்தால் வாங்கியிருப்பேன். ஓடிப்போனவளே என்று திட்டியிருந்தால், திட்டுவதற்காவது நான் யார் என்று தெரிந்திருக்கிறதே என்று தேறியிருப்பேன். அப்பாவின் வாயில் ஒரு பிடி அரிசி போடாமல், அவரை வெள்ளாற்றங்கரைக்குத் தூக்கிப்போகும்வரை எதிர்வீட்டுச் சுவரோரம் வெயிலில் நின்றேன். அண்ணன் கொள்ளிச்சட்டியோடு என்னைத் தாண்டித்தான் போனார். அப்போதும் ஒருமுறை பார்த்தார்.

போடாத கோடியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக்கூடாது, ஆற்றில் விட்டுவிடு என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா சொன்னாள். நான் விடவில்லை. அது அலமாரியில், உன் சர்டிபிகேட் பைல்களுக்குக் கீழே இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உதறி வெயிலில் போட்டு மடித்து வைக்கிறேன். ஏம்மா, இந்தப் பழைய வேட்டியை அப்பாவுக்குக் கொடுத்துடேன் என்று காலேஜ் படிக்கும்போது ஒருநாள் கேட்டாய். அது வேற ஆளோடது என்று சொன்னேன். சரி என்று போய்விட்டாய்.

அடுத்த வருஷம் உனக்குக் காது குத்தினோம். ஆசாரி வந்து தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, தாய்மாமன் மடியில் குழந்தையை வைங்க என்றார். உன் அப்பா தரையைப் பார்த்தார். கீழ்வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து நிலைப்படியில் நின்றிருந்த காதர் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட மடி இருக்குல்ல, கொண்டாம்மா புள்ளய" என்றார். நீ அவர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதாய். ஒரு கையால் உன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உன் வாயில் சர்க்கரை வைத்தார். பேச்சு வந்ததிலிருந்து நீ அவரை மாமா என்று கூப்பிட்டாய், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சைக்கிள் அவரிடம் கற்றாய். பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சொன்னாய். அந்த மனுஷனுக்குக் கல்யாணத்தில் எந்த இடம் என்று போன வாரம் உன்னைக் கேட்டேன். காதர் மாமா ரிசப்ஷனுக்கு வரட்டும்மா, முகூர்த்தத்துல ரிலேட்டிவ்ஸ்தானே மேடையில நிப்பாங்க என்றாய். உன்னிடம் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அண்ணன் செய்தது எனக்குப் பழகிப்போன வலி. நீ அவரைப்போல் ஆரம்பிக்கிறாயோ என்று நினைத்ததும் எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

இப்போது அண்ணன் உன்னிடம் வந்து சேர்ந்த கதைக்கு வருகிறேன். சுகர் முற்றிக் காலில் புண்ணோடு உன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் பெயரைப் போர்டில் பார்த்து, அப்பா யார், ஊர் எது என்று விசாரித்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒன் தாய்மாமன்டா என்று அழுதார். உனக்கு மனசு இளகிவிட்டது. நீ நல்ல டாக்டர், புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டாய், அதை நான் தப்பு சொல்லமாட்டேன். யார் கால் என்று பார்த்து மருந்து போடச் சொல்லி உன்னை நான் வளர்க்கவில்லை. ஆனால் நான் கேட்பது இதுதான். ஏழு மாசத்தில் என் வயிற்றில் பார்த்தபோது தெரியாத உன்னை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய பிறகு அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த அழுகையில் ஒரு சொட்டாவது எனக்காக இருந்தால் பஸ் ஏறிக் கடலூர் வந்திருப்பார். வரவில்லை. என்னைத்தான் வரச் சொல்கிறார், அதே தெருவுக்கு, கையில் தட்டோடு. நான் குனிந்து நீட்டுவதை அந்தத் தெரு பார்க்க வேண்டும். பட்டம் கட்டுவது அதற்குப் பிறகுதான் அவருக்கு.

மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்று உன் அப்பா சொல்லிப் பார்த்தார். எனக்கு லேசாக வேண்டாம் என்றேன். இந்தக் கனத்தோடுதான் நான் உன்னைப் பெற்றேன், பி.எட். முடித்தேன், வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன். காலையில் எழுந்து பஸ் பிடிக்கச் சோம்பலாக இருக்கும் நாளில் அண்ணன் முகத்தை நினைத்துக்கொள்வேன், கால் தானாக நடக்கும். நல்ல எண்ணங்களால் மட்டும் வளர்ந்த குடும்பம் இல்லை இது, தம்பி. நீ டாக்டர் ஆனதில் என் வன்மத்துக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் மனைவியோடு சண்டை போடு. கத்து, திட்டு வாங்கு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போ, திரும்பி வா. ஆனால் அவள் கூப்பிடும்போது காதில் விழாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. சமையலறையில் அவள் அழுதால் தண்ணீர் குடிக்க வந்தவன்போல் வந்துவிட்டுப் போகாதே. தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கிற அந்த வித்தை உன் அம்மா பிறந்த வீட்டோடு நிற்கட்டும். அது உனக்கு வந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்தால், அவள் பக்கம்தான் நான் நிற்பேன்.

நான் முடிவு செய்துவிட்டதைச் சொல்கிறேன். இன்று காலையிலேயே ஓ.டி.க்குப் போனேன். காதர் பாய்க்கு முழங்கால் சரியில்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். என் மகனுக்கு நீங்கள்தான் பட்டம் கட்டவேண்டும் என்றேன். எனக்கு முறை தெரியாதேம்மா என்றார். நூலைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடுவதுதான், நான் காட்டித் தருகிறேன் என்றேன். பிறகு மெதுவாக, "ஒங்க ஆளுங்க ஏதாச்சும் சொல்லுவாங்களேம்மா, கல்யாண வூட்டுல" என்றார். "இக்னோர் பண்ணுங்க பாய்" என்றேன். நீ கொடுத்த சொல்லை நான் வீணாக்கவில்லை, பார்த்தாயா? அவர் சிரித்தார், அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகூர்த்தத்தன்று மேடைக்கு அவரைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு வருவது உன் வேலை. உனக்கோ பெண் வீட்டாருக்கோ இதில் சம்மதமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். உன் அப்பாவும் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

அண்ணனை அழைக்கமாட்டேன் என்று நினைக்காதே. தட்டு கேட்டார் இல்லையா, கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் நீ காரை எடுத்துக்கொண்டு முட்லூருக்கு வந்துவிடு, நானும் உன் அப்பாவும் பஸ்ஸில் வந்து அங்கே நிற்போம். அன்று உன் அப்பா நின்ற தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நாம் மூன்று பேரும் நடந்தே போவோம். அந்த எதிர்வீட்டுக்காரி இன்னும் இருக்கிறாளாம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளாம். நல்லது. இந்தக் கடிதம் அதற்குள் எப்படியாவது அவர்கள் காதுக்குப் போனாலும் போகட்டும், தெரிந்தே கதவைத் திறக்கட்டும். தட்டில் முறைப்படி எல்லாம் இருக்கும். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. கல்யாணத்துக்கு வரட்டும், உட்காரட்டும், இலை போட்டுச் சாப்பிடட்டும், பட்டத்தின் பக்கம் வரவேண்டாம் என்று நானே என் வாயால் சொல்வேன். தாய்மாமனுக்கு வேட்டி வைக்காமல் தட்டு நிறையாது அல்லவா? வைத்திருக்கிறேன். மடிப்பில் பழுப்பேறியிருக்கிறது, ஆனால் ஒருமுறைகூட யாரும் கட்டாதது. கல்யாண மண்டபத்துக்கு அது வரக்கூடாது, எனக்குத் தெரியும். அது போய்ச் சேர வேண்டிய வாசல் அந்த வீட்டு வாசல்தான்.

நீ என் பக்கத்தில் நின்று அவர் முகத்தை மட்டும் பார். பழத்தை எடுப்பார், பத்திரிகையை எடுப்பார், அடியில் மயில்கண் கரை தெரியும். நான் ஒன்றும் பேசமாட்டேன். அழமாட்டேன். இது யாருடைய வேட்டி என்று அவரை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அந்தத் தெரு கேட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தெரியாது என்று அவர் இன்னொரு முறை சொல்லட்டும்.

உன் அம்மா